சிவப்புக்குக் கண் இல்லாத தகடு

வெளியே நிறுத்திப் படம் எடுக்கிறவன் போட்டோக்காரன். வீட்டுக்குள் புகுந்து படம் எடுக்கிறவன் பாவி. மூணுகால் ஸ்டாண்டும் கறுப்புத் துணியுமாக அலைந்த சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சீமையில் மழைக்குத்தான் பஞ்சம், வெளிச்சத்துக்குக் கிடையாது. வாசலில் நிறுத்தினால் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டுவதற்குள் படம் விழுந்துவிடும். ஆனால் அந்த வெயிலுக்குப் பயந்தே எங்கள் ஆட்கள் வீட்டைக் கட்டியிருப்பார்கள். கையகலச் சன்னல், குனிந்து நுழைகிற வாசல் நிலை, கூரையில் ஒற்றைக் கண்ணாடி ஓடு. வெளியே பார்த்தால் கண் கூசும், உள்ளே பார்த்தால் எதிரே நிற்பது மாமனா மச்சானா என்று தெரியாது. இரண்டையும் படம் பதிகிற ஒரே கண்ணாடித் தகட்டில் கொண்டுவா என்பார்கள். சன்னலைக் கவனித்தால் ஆள் கரியாகிவிடுவார். ஆளைக் கவனித்தால் சன்னல் சுண்ணாம்பாகிவிடும். நடுவில் உதவி செய்கிறேன் என்று ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் வெளிச்சத்தைத் தகடு சட்டையே செய்யாது. நம்முடைய கண் எல்லாவற்றையும் அனுசரித்துப் பார்த்துக்கொள்ளும். தகட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு கோடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு தறிக்கு நூல் கிடைக்குமா கிடைக்காதா என்கிற கேள்வியை என் காமிராப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் கேட்கவில்லை.

இல்லாத தறி

மாசிக் கடைசியில் லிங்கப்பன் ஸ்டுடியோப் படியேறி வந்தார். சேலை நெய்கிறவர். பின்னால் அவர் மனைவி சௌடம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் விஷயத்தைச் சொன்னார்கள். நூலுக்குக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். தறி இருந்தால் கார்டு. கார்டு இருந்தால் நூல். லிங்கப்பன் அண்ணனிடமிருந்து பாகம் பிரிந்து ஒற்றைத் தறியோடு தனி வீடு வந்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் பேர் எழுதாமல் மொட்டைப் பெட்டிசன் போட்டுவிட்டான். லிங்கப்பன் வீட்டில் தறியே இல்லை, நூலை வாங்கிக் கள்ள மார்க்கெட்டில் விற்கிறான் என்று. நூல் ஆபீசர் திருச்சுழியில் ஒரு பழைய கட்டடத்தில் முகாம் போட்டிருந்தார். பஸ் ஏறினால் வந்து சேர்கிற தூரம்தான். வந்து ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். வரவில்லை. சிவப்புச் சேலை நெய்கிற தறி என்றுதானே பதிந்திருக்கிறாய், அந்தச் சிவப்பு நூல் நீளவாக்கில் பாவாக ஏறின தறியைப் படம் பிடித்து, சித்திரை பிறப்பதற்குள் கொண்டுவந்து காட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார். காட்டாவிட்டால் கார்டு ரத்து.

போய்ப் பார்த்தேன். கண்ணாடி ஓட்டிலிருந்து விழுந்த வெயில் சுவரில் ஒரு தட்டு அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி அறை முழுக்க இருட்டு. தறி குழித்தறி, உட்கார்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். பழகின கைக்கு அந்த வெளிச்சம் போதும், தகட்டுக்குப் போதாது. நல்ல காலம், என்னிடம் மக்னீசியப் பொடி ஒரு டப்பா மிச்சம் இருந்தது. பற்றவைத்தால் பளீரென்று ஒரு வெளிச்சம். அந்த ஒரு நொடியில் இருட்டறை பகலாகிவிடும். சண்டை வந்தபின் மதுரையிலேயே கிடைக்காத சரக்கு. அவர்களுடைய நூல் அப்போது சாயப் பட்டறையில் இருந்தது. கையில் இருந்த கடைசி நூலும் அதுதான். பாவு ஏறியதும் சொல்லி அனுப்புங்கள், பொடியோடு வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்த சௌடம்மா சொன்னாள்:

"நல்லாப் பிடிங்கண்ணே. தறி இருக்குன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டாகளாம். உங்க பெட்டி சொன்னா நம்புவாகளாம்."

தலைமாட்டு விளக்கு

அந்த டப்பாவில் பாதி பரளச்சி கிராமத்தில் போனது. போன விதம் இது. அங்கே ஒரு பெரிய சம்சாரி வீடு. கரிசல் காடு நிறைய உள்ள குடும்பம். பெரியவர் படுத்த படுக்கை. மகன்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை அழைத்திருந்தார்கள். அப்பாவை அவர் கட்டிய வீட்டோடு, உள்கட்டோடு, தூண்களோடு சேர்த்துப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. படம் மாட்ட ஆணி அதற்குள் சுவரில் அடித்திருந்தது.

கட்டில் சன்னலோரம். வெயில் பக்கம் இருந்த கன்னம் வெள்ளை, சுவர்ப் பக்கக் கன்னம் கறுப்பு. இப்படியே எடுத்தால் பாதிப் பெரியவர்தான் விழுவார். சன்னல் கதவுகளைச் சாத்தச் சொன்னேன். பெட்ரோமாக்ஸைக் கொளுத்தி, முகத்தில் சமமாக விழட்டும் என்று கட்டிலின் தலைப்பக்கம் ஸ்டூலில் வைத்தேன். என் புத்தியில் அது வெளிச்சக் கணக்கு மட்டும்தான். பட்டப்பகலில் கதவைச் சாத்தி, படுத்திருக்கிற ஆளின் தலைமாட்டில் விளக்கு ஏற்றினால் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது உறைக்கவில்லை. உள்ளே வந்த மருமகள் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் அழ ஆரம்பித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்கள். மூத்த மகன் என் மேல் பாய்ந்தான்; அந்தச் சனியன் விளக்கை அணை, வெடிமருந்து வச்சிருக்கியாமே, அதைப் போட்டு எடு என்றான். அள்ளிப் போட்டு எடுத்தேன். சன்னலைத் திறந்ததும் பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏப்பா போட்டோக்காரா, இவனுகளுக்கு அவசரம், சரி. உனக்கென்னப்பா அவசரம்?"

பகலில் எரிந்த பல்பு

அடுத்துப் போன இடத்தில் பொடி செலவாகவில்லை, மானம்தான் செலவானது. பஞ்சுக்கடை முதலாளி ஒருவர், அவர் கிட்டங்கிக்குக் கரண்டு வந்த புதிது. உள்ளே பஞ்சுப் பொதிகளை அடுக்கி, நடுவில் தான் நின்று, தலைக்கு மேலே பல்பு எரிவது தெரியப் படம் வேண்டும் என்றார். சாயங்காலம் விளக்கு வைத்ததும் வாரேன் முதலாளி என்றேன். சாயங்காலம் கரண்டு இருக்காது, இப்பவே எடு என்றார். அது என்னவோ உண்மை.

எடுத்தேன். இரண்டு பெரிய கதவும் திறந்து, பங்குனி வெயில் பாதி கிட்டங்கிவரை வந்து கிடந்தது. அந்த வெயிலில் அந்தப் பல்பு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? படத்தில் பஞ்சு விழுந்தது, முதலாளி விழுந்தார், பல்பு மட்டும் அவிந்த மாதிரி தொங்கியது. அவருக்குத் தாங்கவில்லை. எதிர்க் கடைக்காரன் பார்த்தால் எனக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லமாட்டானா என்றார். வேறு வழியில்லாமல் தகட்டின் மேல் பென்சிலால் பல்பைச் சுற்றி, கோயில் படங்களில் சாமி தலைக்குப் பின்னால் போடுவார்களே, அந்த மாதிரிக் கதிர் கதிராய் வரைந்துவிட்டேன். தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. பாவிகளுக்குத் தெரியும். முதலாளி படத்தைக் கையில் வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, கண் கலங்கிவிட்டார்.

"கரண்டு ஆபீசு குடுக்காத வெளிச்சத்த நீ குடுத்துட்டியேப்பா!"

ஆபீசர் அறை

பங்குனி நடுவில் திருச்சுழியிலிருந்து பியூன் வந்தான். நூல் ஆபீசர் காமிராவோடு வரச் சொன்னாராம். லிங்கப்பன் விஷயத்தில் மனுசனுக்கு மனம் இளகிவிட்டது, எடுக்கிற விதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போனால், அவருக்கு அவருடைய படம் வேண்டுமாம். தன் அறையில், தன் நாற்காலியில், பின்னால் சன்னலும் சன்னலுக்கு வெளியே கொடிக்கம்பமும், சுவரில் மேப்பும், மேசையில் எரிகிற மேசை விளக்கும் எல்லாம் தெரிய ஒரே படம். ஊரில் மாமனாருக்கு அனுப்பவேண்டுமாம். சன்னலுக்கு எதிராக உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகத்தை எடுப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பொடி இல்லாமல் முடியாது. டப்பாவில் பாதிதான் இருக்கிறது, அது லிங்கப்பன் தறிக்கு என்று எடுத்து வைத்தது. யோசித்தேன். இவரைத் திருப்திப்படுத்தினால் ஒரு வார்த்தை பேசலாம், பேசினால் தறிப் படமே தேவைப்படாமல் போகலாம் என்று கணக்குப் போட்டேன். டப்பாவைக் கவிழ்த்துப் பற்றவைத்தேன். சண்டைச் செய்தியாகவே கேட்டுக்கொண்டிருந்த காலம். வாசலில் நின்ற பியூன் குண்டு விழுந்துவிட்டது என்று மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். புகை அடங்கியதும் ஆபீசர் சட்டையில் விழுந்த சாம்பலை ஊதிவிட்டுக்கொண்டு, நல்ல மனநிலையில் இருந்தார். இதுதான் சமயம் என்று, சார், அருப்புக்கோட்டைக்கு வரும்போது லிங்கப்பன் தறியை ஒரு பார்வை நேரில் பார்த்துவிட்டால் புண்ணியம் என்றேன். அவர் சிரித்தார்.

"இவ்வளவு கெட்டிக்காரனா படம் எடுக்க நீ இருக்கும்போது, நான் எதுக்கய்யா வெயில்ல அலையணும்?"

மேசைத் துணி

படத்தைக் கழுவி, காயவைத்து, அட்டையில் ஒட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் தெளிவு. மேப்புத் தெளிவு. கொடிக்கம்பம்கூட மங்கலாக விழுந்திருந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டு அவர் விரல் மேசைத் துணியின் மேல் போய் நின்றது. நல்ல சிவப்பு நிறத் துணி அது. படத்தில் கறுப்பாக விழுந்திருந்தது. மாமனார் வீட்டுக்குக் கறுப்புத் துணி போட்ட படத்தையா அனுப்புவது என்று முகம் சுளித்தார்.

விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று. சார், இந்தத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டுதான் கழுவுகிறோம், அந்த வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. அப்படி என்றால் சிவப்புக்கு அதற்குக் கண் இல்லை என்றுதானே அர்த்தம்? சிவப்பையும் பார்க்கிற தகடு ஒன்று இருக்கிறது. சண்டை முடிந்தால்தான் வரும். இப்போது இருப்பதில் சிவப்பு என்றால் கறுப்பாகத்தான் விழும் என்றேன். அவருக்கு இது பிடித்துவிட்டது. சிவப்பு மை பாட்டிலை எடுத்துக் காட்டி, இது? கறுப்பு சார். காகிதக் கட்டைக் கட்டுகிற சிவப்பு நாடா? கறுப்பு சார். எதுவானாலும் கறுப்புதானா? எதுவானாலும் சார், சத்தியமாக என்றேன். தொழில் ரகசியத்தை ஒரு பெரிய மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்குக்கூட உள்ளே ஒரு சந்தோஷம். மடையன் நான். அவர் படத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் எதையும் ஒரு தடவை கேட்டா மறக்கமாட்டேன். அதுதான் என்கிட்ட இருக்கற நல்ல குணம்."

வீதியெல்லாம் கண்ணாடி

பங்குனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பாவு ஏறிவிட்டது என்று ஆள் வந்தது. பொடி இல்லை என்பதை லிங்கப்பனிடம் எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். சொன்னதும் அவர் என்னைத் திட்டவில்லை. தெருவில் இறங்கி, வீட்டுக்கு வீடு போய், இருக்கிற கண்ணாடியை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சலூன்காரர் தன்னுடைய பெரிய கண்ணாடியைக் கழற்றித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் ஒருவர் வெயிலைப் பிடித்து வாசலுக்குள் அடிக்க, வாசலில் இருப்பவர் அதை வாங்கி அறைக்குள் அடிக்க, உள்ளே நான் ஒரு கண்ணாடியால் தறியின் மேல் திருப்ப, ஒரு மட்டாக வெளிச்சம் வந்து சேர்ந்தது. வேலையை நிறுத்திவிட்டு அந்தத் தெருவே கண்ணாடியோடு நின்றது. "ஏலே, ஆடாம பிடி! சூரியன் உன் கையில இருக்குலே!" என்று லிங்கப்பன் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

வெளிச்சம் வந்தது, ஆனால் பாவு சிவப்பு. இருட்டு அறையில், கருத்த சுவருக்கு முன்னால், சிவப்புக்குக் கண் இல்லாத தகட்டில், தறிக்கட்டை விழும், பாவு விழாது. பாவு இல்லாத தறி என்றால் பெட்டிசன் போட்டவன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். என்னிடம் இரண்டு தகடு இருந்தது. முதல் தகட்டுக்கு, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். வெள்ளைக்கு முன்னால் கறுப்பாகவாவது நூல் தெரியட்டும் என்று. எடுத்த கையோடு ஓடிப்போய்க் கழுவிப் பார்த்தேன். கண்ணாடி வெளிச்சம் வேட்டியில் அடித்து, கரையை மீறி வழிந்து, மெல்லிய நூலை எல்லாம் தின்றுவிட்டது. வேட்டிதான் விழுந்திருந்தது.

மிச்சம் ஒரு தகடு. பென்சிலால் நூல் நூலாக வரைந்திருக்கலாம். பஞ்சுக்கடை முதலாளிக்கு அது சரி. ஒரு குடும்பத்தின் பிழைப்பு தொங்குகிற படத்தில் பொய்க் கோடு போட எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. நூலின் மேல் மாவைத் தூவினால் நூல் வெள்ளையாகத் தெரியும். நூல் நிஜ நூல், தறி நிஜத் தறி, இதில் பொய் என்ன இருக்கிறது? கஞ்சி போட்ட பாவுதானே, மாவு ஒன்றும் செய்யாது என்று லிங்கப்பனும் சொன்னார். சௌடம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போய், பானையில் இருந்த அரிசி மாவைக் கொண்டுவந்து, கோலம் போடுகிற விரலால் பாவு முழுக்கத் தூவிவிட்டாள். தெரு மறுபடி கண்ணாடியைத் தூக்கியது. மூடியைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். படம் விழுந்தது. என் ஆயுசில் உள்ளே எடுத்த படத்தில் அப்படி ஒன்று விழுந்ததில்லை. இழை இழையாகப் பாவு, அதற்குப் பின்னால் லிங்கப்பன், அவர் கையில் ஊடு நூல் ஓட்டுகிற நாடா. ஈரப் படத்தைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

"இனிமே தறி இல்லைன்னு எவன் சொல்லுவான்? குருடன் தடவிப் பார்த்தாக்கூட தறின்னு சொல்லிருவான்!"

வெள்ளைப் பாவு

குருடன் சொல்லியிருப்பான், ஆபீசருக்கு இரண்டு கண் இருந்தது. நானும் லிங்கப்பனும் திருச்சுழிக்குப் போனோம். லிங்கப்பன் துவைத்த வேட்டி கட்டி, கைகட்டி நின்றார். ஆபீசர் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக விழுந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். பிறகு லிங்கப்பனைப் பார்த்து, பாவு என்ன நிறம் என்றார். சிவப்புங்க எசமான். எந்தப் பட்டறையில் சாயம் போட்டது? சொன்னார். ஆபீசர் தன் மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்த தன்னுடைய படத்தை எடுத்து, லிங்கப்பன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இங்கே சிவப்புத் துணி, கறுப்பா விழுந்திருக்கு. அங்கே சிவப்பு நூல்னு சொல்றே, வெள்ளையா விழுந்திருக்கு. அப்போ அது சிவப்பு இல்லை. உன் பேருக்குப் பதிஞ்சது சிவப்புச் சேலைத் தறி. இது எவனோ வேட்டி நெய்யறவனோட தறி. அங்கே போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கே.

மாவு தூவினோம் சார் என்றேன். இருட்டு, பொடி இல்லை, அந்தப் பொடி உங்கள் படத்துக்குத்தான் செலவானது என்றுகூடச் சொல்லிவிட்டேன். முதலில் எடுத்த படத்தையும் நீட்டினேன். அதைப் பார்த்து, இதில் வேட்டிதானே காயுது என்றார். இப்பவே பஸ் ஏறி வாங்க எசமான், பாவு தறியிலேயே இருக்கு, வந்து பாருங்க என்று லிங்கப்பன் கும்பிட்டார். பெட்டிசன் வந்தது தெரிஞ்சப்புறம் நீ ஒரு தறியைக் கொண்டுவந்து வச்சிருக்கமாட்டேன்னு என்ன நிச்சயம் என்றார் ஆபீசர். குழித்தறிங்க, தரையைத் தோண்டி நட்டது, அண்ணன் வீட்டிலிருந்து வந்த நாளாக அங்கேயேதான் இருக்கிறது என்று லிங்கப்பன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கார்டின் மேல் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியைப் பார்த்ததாகவே பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிவப்பு கறுப்பாத்தான் விழும்னு சத்தியம் பண்ணினவனும் நீ. இப்போ மாவு, அதனால வெள்ளைன்னு சொல்றவனும் நீ. எந்த நாள் பேச்சை நான் நம்பறது?"

மாவு

பஸ்ஸில் லிங்கப்பன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அருப்புக்கோட்டையில் இறங்கும்போது என் ஸ்டாண்டை அவரே எடுத்து என் தோளில் வைத்துவிட்டுப் போனார்.

தறியில் ஏறியிருந்த பாவு முடிகிறவரை நெய்தார். அப்புறம் நூல் இல்லை. சித்திரை போய் வைகாசியில் வண்டிகளில் பஞ்சுப் பொதி ஏற்றுகிற வேலைக்கு விருதுநகருக்குப் போய்விட்டார். உட்கார்ந்து நெய்த உடம்பு. பொதி தூக்கப் பிறந்த முதுகு இல்லை அது. குடும்பமும் பின்னால் போகவேண்டியதாயிற்று. கிளம்புகிற அன்றைக்குக் பிள்ளைகளும் ஒரு பெட்டியுமாகச் சௌடம்மா ஸ்டுடியோப் பக்கம் வந்தாள். பஸ் வர நேரம் இருந்தது. நான் அந்தப் படத்தை நல்ல அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். காசு வேண்டாம், வைத்துக்கொள் அம்மா என்று நீட்டினேன். உள்ளபடிக்கு அந்தப் படத்தை என் கண் முன்னால் வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் வாங்கிப் பார்த்தாள். பாவைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். பிறகு என் மேசையிலேயே அதைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"வேணாண்ணே. இதப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாவுதான் ஞாபகம் வருது. ரேசன் அரிசில பிள்ளைகளுக்குக் கஞ்சி காச்ச இடிச்சு வச்சிருந்தது. அன்னிக்கு ராத்திரி தட்டி அள்ளிறலாம்னு பார்த்தேன். நூலோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுருச்சு."

சிவப்பைப் பார்க்கிற தகடு சண்டை முடிந்ததும் மதுரைக் கடைகளுக்கு வந்துவிட்டது; எதிரே இருக்கிற தறியைப் பார்க்கிற ஆபீசர் என்கிற சரக்குதான், நான் விசாரித்த வரையில், இன்னும் வரவில்லை.